பாதிக் குளுசை

வாந்திக் குளுசையை உடைத்தால்தான் அதன் கசப்பு தெரியும். முழுசாக விழுங்குகிறவர்களுக்கு அது நாக்கு அறியாமலே உள்ளே போய்விடும். உடைக்கிறவர்களுக்கோ, வெள்ளை மாவு உதிர்ந்து விரல் நுனியில் ஒட்டிக்கொண்டு, அரை மணித்தியாலம் கழித்து ஏதோ நினைவில் அந்த விரலை உதட்டில் வைத்தால் வாயெல்லாம் கசந்துபோகும். அட்டன் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு பாமசியில் பதினோரு வருடமாக நிற்கிறேன். காலை பஸ்ஸுக்கு முன்னால் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஓடி வருகிற அம்மாமார் "மிஸ், வாந்திக் குளுசை ஒண்ணு தாங்க" என்பார்கள். நான் பிள்ளையின் வயதைக் கேட்டு, அவர்கள் கண்முன்னாலேயே உடைத்து, ஒரு பாதியைத் தாளில் மடித்துக் கொடுத்துவிட்டு மற்றப் பாதியைக் குப்பைக் கூடையில் போட்டுவிடுவேன். "ஐயோ, மத்த பாதி?" என்று கேட்டால், "அது ஒங்களுக்கு வேணாம்" என்பேன். இவளுக்குக் கொஞ்சம் கிறுக்கு என்று முதலாளி வருகிறவர்களிடமே சொல்லுவார். கிறுக்கு இல்லை. காரணம் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். சொன்ன பிறகு என்னை நல்லவள் என்று யாரும் நினைத்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

என் தங்கை பவானிக்கு வண்டி ஒத்துக்கொள்ளாது. மஸ்கெலியாவுக்கு மேலே இருந்த எங்கள் தோட்டத்திலிருந்து டவுனுக்கு பஸ்ஸில் கால் மணித்தியாலம்தான். அந்தக் கால் மணித்தியாலத்துக்கே அவளுக்கு இரண்டு "சொப்பிங் பேக்" வேண்டும். டீசல் மணம் பட்டாலே முகம் வெளுத்து, மேல் உதட்டில் வியர்வை அரும்பி, எச்சிலைக் கூட்டிக் கூட்டி விழுங்கத் தொடங்குவாள். தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் அவளுக்கு "வாந்தி" என்றே பெயர். வாந்தி வருது, வாந்தி போகுது என்று பெரிய ஆட்களே சொல்லிச் சிரிப்பார்கள். அதைத் தடுக்க லயத்து ஜனம் சொன்ன வைத்தியம் ஒன்றா இரண்டா? முதல் நாள் இரவிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் கொடுக்காமல் காயப்போடுவார்கள். சட்டைக்குள் வயிற்றோடு ஒட்டிப் பத்திரிகைத் தாள் வைத்துக் கட்டுவார்கள். வேர்வையில் நனைந்து அச்சு மை வயிற்றில் ஒட்டிக்கொள்ளும், குளிப்பாட்டும்போது தலைகீழ் எழுத்துகள் அழிய மறுக்கும். எலுமிச்சங்காயைக் கையில் கொடுத்து மோந்துகொண்டே இரு என்பார்கள். இஞ்சி டொபியை வாயில் அடக்குவார்கள். வண்டி ஏறுவதற்கு முன் கன்னத்தில் ஒன்று வைத்தால் பயத்தில் நின்றுவிடும் என்று யாரோ சொல்லக் கேட்டு, அப்பா ஒரு தைப்பொங்கலுக்கு அதையும் செய்து பார்த்தார். அன்றைக்கு அவள் அழுதுகொண்டே வாந்தி எடுத்தாள், அவ்வளவுதான் வித்தியாசம்.

அந்த வாந்திக்கு நான்தான் வாளி. பையைப் பிடிப்பது நான், முடிந்து வெளியே எறிவது நான், சிந்திவிட்டால் றோட்டோரத்துப் "பீலி"யில், மலையிலிருந்து மூங்கில் வழியாகக் கொட்டுகிற அந்த ஐஸ் தண்ணீரில், வண்டியின் கால்மிதியை உருவிக் கழுவுவதும் நான். வேன்காரர்கள் அதில் கறார். பிள்ளை எடுத்தால் வீட்டார் கழுவ வேண்டும், கழுவாமல் வண்டி நகராது. எட்டு வயதிலிருந்து நான் கழுவினேன். ஆனால் உள்ளதைச் சொல்ல வேண்டும், கழுவுவதுகூட எனக்குப் பெரிதில்லை. வாந்தி எடுக்கிறவளுக்கு முன் சீட்டு கிடைக்கும், யன்னல் கிடைக்கும், எல்லாவற்றுக்கும் மேலே அம்மாவின் மடி கிடைக்கும். அம்மா ஒரு கையால் அவள் நெற்றியைத் தாங்கிப் பிடித்து, மறு கையால் முதுகைத் தடவிக்கொண்டே வருவாள். எனக்குக் கிடைத்தது பை. வாந்தி வராத பிள்ளையாகப் பிறந்ததற்கு அது எனக்குத் தண்டனை என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

எனக்குப் பன்னிரண்டு வயது, அவளுக்கு ஆறு. அந்த வருடம்தான் அம்மா குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போகத் தீர்மானித்தாள். கொழுந்துக் கூடையைச் சுமந்து சுமந்து கண்ட சுகம் போதும், கூரைத் தகரமாவது மாற்றலாம் என்றாள். இரண்டு வருட ஒப்பந்தம். எங்கள் பக்கத்தில் யாராவது வெளிநாடு போனால் அது அந்த வீட்டுக் காரியம் மட்டும் இல்லை. வேன் பிடித்துக்கொண்டு லயமே கட்டுநாயக்க ஏர்போட்டுக்குக் கிளம்பும். பன்னிரண்டு பேர் போகிற வேனில் பத்தொன்பது பேர் ஏறுவார்கள். பாதிப் பேர் விமானத்தைப் பார்க்கத்தான் வருவார்கள். சோத்துப் பார்சல், புளிச்சோறு, பிள்ளைகளுக்குப் புதுச் சட்டை எல்லாம் இருக்கும். அதற்கென்று முறைகளும் உண்டு. போகிறவருக்குத்தான் முன் சீட்டு. சக்கரத்துக்கு எலுமிச்சங்காய் வைத்து நசுக்கிவிட்டுத்தான் வண்டி எடுக்க வேண்டும். வாசலில் உள்ளே போன பிறகு போகிறவர் திரும்பிப் பார்க்கக் கூடாது. அனுப்புகிறவர் பின்னாலிருந்து கூப்பிடக் கூடாது. முக்கியமாக, அழுத முகத்தோடு யாரையும் அனுப்பக் கூடாது, போன இடத்தில் அவர்களுக்கு ஆகாது என்பார்கள்.

பவானியைக் கூட்டிப்போவதில்லை என்றுதான் முதலில் பேச்சு. வேன் ஓட்டுகிற சேகர் அண்ணன் எங்கள் ஒற்றையறைக் காம்பரா வாசலில் நின்றுகொண்டே சொன்னார்: "நல்ல காரியத்துக்குப் போறோம். அந்தப் புள்ளைய ஏத்தினா வேன் நாறிப்போகும். வேணாம்ங்க." அப்பாவும் தலையாட்டினார். பவானி கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

மறுநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும், விறகு போட்டு வைத்திருந்த பழைய தேயிலைப் பெட்டியைக் காலி பண்ணி அதற்குள் ஏறி உட்கார்ந்துகொண்டாள். "அக்கா, ஆட்டுங்க" என்றாள். "எதுக்கு?" என்றேன். "வேன் பழகுறேன்" என்றாள். ஆட்டினேன். முதலில் மெதுவாகத்தான் ஆட்டினேன். அவள் கண்ணை விரித்து, பல்லைக் கடித்து, இரண்டு பக்கப் பலகையையும் பிடித்துக்கொண்டு, "இன்னும், இன்னும்" என்றாள். இப்படி மூன்று நாள் பழகினாள். மூன்றாம் நாள் நான் வேண்டுமென்றே, பெட்டியின் ஒரு மூலையைத் தூக்கித் தூக்கி, அவள் "போதும்க்கா" என்ற பிறகும் விடாமல் ஆட்டினேன். பெட்டிக்குள்ளேயே எடுத்தாள். நான் நேரே போய் அப்பாவிடம், "பொட்டிக்கே வாந்தி எடுக்குறா, வேன்ல எப்படிக் கூட்டிப்போறது?" என்று சொன்னேன். அவளை வீட்டில் விட்டுப் போனால் முன் சீட்டில் அம்மாவுக்குப் பக்கத்து இடம் எனக்கு என்று ஏற்கெனவே கணக்குப் பண்ணி வைத்திருந்தேன்.

அம்மா விடவில்லை. "என் புள்ள என்னைய அனுப்ப வரும்" என்று ஒரே வார்த்தையாகச் சொல்லிவிட்டாள். தோட்டத்து ஆஸ்பத்திரிக்குப் போய் மருந்துக்காரரிடம் சொல்லி, தாளில் மடித்த இரண்டு குளுசைகளோடு வந்தாள். அதுவரை எங்கள் வீட்டில் வாந்திக்குக் குளுசை என்று ஒன்று இருப்பதே தெரியாது. பாஸ்போட்டும் கடதாசிகளும் அம்மா கையில் இருக்கும் என்பதால் குளுசைப் பொட்டலம் என் கைக்கு வந்தது. "பாதி போறப்போ, பாதி வாறப்போ. சின்னப் புள்ளைக்கு அதுக்கு மேல குடுத்தா ஆளே எழும்பாதாம். மத்த ஒண்ணு சும்மா கெடக்கட்டும், கைதவறி விழுந்தா வேணும்ல" என்று சொல்லி என் உள்ளங்கையை மூடினாள். வீட்டுக்கு மூத்தவள் என்றால் அப்படித்தான்.

விடிகிற நேரத்தில் புறப்பட்டோம். நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சங்காய் நசுங்கியது. பாதிக் குளுசையை நானே உடைத்து பவானியின் நாக்கில் வைத்தேன். முகத்தைச் சுளித்துக்கொண்டு விழுங்கிவிட்டு, "இனி வராதுதானேக்கா" என்று கேட்டாள். அவள் முன்னால் அம்மா மடியில் உட்கார்ந்தாள். நான் மூன்றாவது வரிசையில், பக்கத்துக் காம்பரா மாரியாயி அக்காவுக்கும் சோத்து மூட்டைக்கும் நடுவில், மஞ்சள் நிறப் புதுச் சட்டையோடும் கை நிறையப் பையோடும் திணிக்கப்பட்டேன்.

நோர்வூட் தாண்டியது, வரவில்லை. அட்டன் தாண்டியது, அப்போதும் வரவில்லை. வேனே அதிசயப்பட்டது. சேகர் அண்ணன் கண்ணாடியில் பார்த்து, "இன்னைக்கு தங்கச்சி கெட்டிக்காரி" என்றார். பவானி தலையை அம்மாவின் கழுத்தோடு சாய்த்துக்கொண்டு விழித்திருந்தாள். அம்மா குனிந்து அவள் காதில் ஏதோ சொல்லிக்கொண்டே வந்தாள். வளைவுக்கு வளைவு சொல்லிக்கொண்டே வந்தாள். இஞ்சின் சத்தத்தில் எனக்கு ஒரு சொல்லும் கேட்கவில்லை, உதடு அசைவதும், பவானி தலையாட்டுவதும் மட்டும்தான் தெரிந்தது. வாந்தி எடுத்தாலும் மடி அவளுக்கு, எடுக்காவிட்டாலும் மடி அவளுக்கு என்றால் நான் என்ன பாவம் செய்தேன் என்று எனக்குள் கொதித்தது. அம்மா என்ன சொல்லுகிறாள் என்று தெரியாமல் இரண்டு வருடம் எப்படி இருப்பேன் என்றும் நினைத்தேன்.

கினிகத்தேனையில் ஒரு தேத்தண்ணிக் கடையில் வேன் நின்றது. பவானிக்குப் பால் விடாத "பிளேன்டி" வாங்கி வரும்படி அம்மா என்னைத்தான் அனுப்பினாள். கடையின் பின்பக்கத்து மேசையில் பொட்டலத்தைப் பிரித்தேன். ஒன்றரைக் குளுசை இருந்தது. தாளோடு வைத்துக் கரண்டியின் முதுகால் நசுக்கினேன்; நன்றாக, நிதானமாக, கட்டி இல்லாமல் நசுக்கினேன். கப்பில் கொட்டி நாலு கரண்டி சீனி போட்டுக் கலக்கினேன். வேனுக்குக் கொண்டுபோய்க் கொடுத்ததும் பவானி ஒரு வாய் குடித்துவிட்டு என்னைப் பார்த்தாள். "குடி, ஆறிறும்" என்றேன். கண்ணை என் மேலிருந்து எடுக்காமலே முழுவதையும் குடித்தாள். கப்பின் அடியில் இருந்த சீனியையும் விரலால் வழித்து நக்கிவிட்டு என்னிடம் கொடுத்தாள்.

கித்துல்கலை வருவதற்குள் அவள் தலை தொங்கிவிட்டது. "இந்தப் பாரத்த மடியில வச்சிக்கிட்டு ஏங்க கஷ்டப்படுறீங்க, பின்னால படுக்க வைங்க" என்று சேகர் அண்ணன்தான் சொன்னார். வேனை ஓரம் கட்டி, கடைசி சீட்டில் மாரியாயி அக்காவின் மடியில் தலை வைத்து அவளைப் படுக்க வைத்தார்கள். நான் யாரும் சொல்லும் முன் முன்னால் ஏறி அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவிசாவளை, கொழும்பு, அதற்கு அப்பால் என்று மூன்று மணித்தியாலத்துக்கு மேல் என் கையை விடவே இல்லை. இதோ இப்போது எனக்கும் சொல்லப் போகிறாள் என்று காத்திருந்தேன். சொன்னாள். தங்கச்சிக்குத் தலையில் எண்ணெய் வைக்க மறக்காதே என்றாள். ராத்திரியில் பயப்படுவாள், பக்கத்தில் படுத்துக்கொள் என்றாள். மீன் முள்ளைப் பார்த்து எடுத்துக் கொடு, பள்ளிக்கூடத்தில் யாரும் வாந்தி என்று கூப்பிட்டால் போய்க் கேள் என்றாள். மூன்று மணித்தியாலமும் பவானியைப் பற்றித்தான் சொன்னாள். என்னைப் பற்றி ஒன்றே ஒன்று சொன்னாள், நீ பெரிய பிள்ளை என்று.

வழியில் ஒரு செக்பொயின்ட்டில் எல்லோரையும் அடையாள அட்டையோடு இறக்கி வரிசையில் நிறுத்தினார்கள். உள்ளே எட்டிப் பார்த்த சிப்பாய் ஒருவர் பிள்ளைக்குச் சுகமில்லையா என்று சிங்களத்தில் கேட்டார். இல்லை மாத்தயா, நித்திரை என்று அம்மா பதில் சொன்னாள். அத்தனை பேர் இறங்கி ஏறிய சத்தத்துக்கும் பவானி அசையவில்லை.

கட்டுநாயக்கவில் நேரமாகிவிட்டது. பெட்டியை இறக்கினார்கள். மாரியாயி அக்கா, "புள்ளைய எழுப்பட்டுமா?" என்று கேட்டாள். அம்மா வேன் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பவானி வாயைத் திறந்தபடி, ஒரு கை சீட்டுக்குக் கீழே தொங்க, தூங்கிக்கொண்டிருந்தாள். அம்மா அந்தக் கையை எடுத்து மேலே வைத்தாள். "எழுப்பாதீங்க" என்றாள். "அது அழுதுச்சுன்னா நான் போகமாட்டேன்." அப்பா, "குளுசை நல்லா வேலை செஞ்சிருக்கு" என்றார். எல்லோருக்கும் நிம்மதியாகத்தான் இருந்தது. அழுகை இல்லாமல் அனுப்புகிறோம், நல்ல சகுனம் என்றார்கள்.

அப்போதும் எனக்கு நேரம் இருந்தது. நான் சொல்லியிருக்கலாம். சொல்லாவிட்டாலும், ஓடிப்போய் அவளை உலுக்கியிருக்கலாம், முகத்தில் தண்ணீரை ஊற்றியிருக்கலாம். நான் அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு வாசல்வரை போனேன். அம்மா என்னை மட்டும் கட்டிப் பிடித்தாள். பயமாக இருந்தது, வெட்கமாக இருந்தது என்றெல்லாம் இப்போது எழுதிவைக்கலாம், எழுதினால் பொய். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அம்மா உள்ளே போனாள். முறைப்படி திரும்பிப் பார்க்கவில்லை.

திரும்பி வரும்போது, கித்துல்கலைக்குக் கிட்ட, பொழுது சாய்கிற நேரத்தில் பவானி எழுந்து உட்கார்ந்தாள். கன்னத்தில் சீட்டின் தையல் பதிந்திருந்தது. கண்ணைக் கசக்கிக்கொண்டு, "ஏர்போட்டு வந்துருச்சா?" என்று கேட்டாள்.

வேன் சிரித்தது. பத்தொன்பது பேரில் அம்மாவும் பவானியும் போக மிச்சப் பதினேழு பேரும் சிரித்தார்கள். "ஏர்போட்டு வந்து, போயி, நாலு மணித்தியாலமாச்சு வாந்தி" என்றார் சேகர் அண்ணன். மாரியாயி அக்கா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தாள். நானும் சிரித்தேன். பவானி முன் சீட்டை எட்டிப் பார்த்தாள். அங்கே அப்பா உட்கார்ந்திருந்தார். அவள் அழவில்லை. யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். மஸ்கெலியாவரை ஒரு துளி வாந்தி எடுக்கவில்லை. அதற்கும் பாராட்டினார்கள்.

அதற்குப் பிறகுதான் அவள் கதை சொல்லத் தொடங்கினாள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளிடம், அம்மா வாசலில் நின்று தன்னைத் தூக்கிக் கொஞ்சியதாகவும், கண்ணாடிக்கு அப்பால் நின்று கைகாட்டியதாகவும், விமானத்தின் வயிற்றில் சிவப்பு லைட் எரிந்ததாகவும் சொல்லுவாள். ஒவ்வொரு தரமும் ஒரே மாதிரி, ஒரு சொல் மாறாமல் சொல்லுவாள். ஒருநாள் பீலிக்கரையில் லயத்துப் பெண்கள் எல்லாம் துணி தோய்த்துக்கொண்டிருக்கும்போது இதைச் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் குடத்தை இறக்கி வைத்துவிட்டு, "பொய். இவ வேனுக்குள்ள வாயப் பொளந்துக்கிட்டு தூங்கினா" என்றேன். பெண்கள் சிரித்தார்கள். பவானி தோய்த்துக்கொண்டிருந்த துணியைப் பிழிந்தாள், உதறினாள், மடித்தாள். பிறகு அந்தக் கதையை யாருக்கும் சொல்லவில்லை.

அம்மா இரண்டு வருடம் என்று போய் நாலு வருடம் கழித்து வந்தாள். பவானி அம்மாவை "வாங்க, உக்காருங்க" என்று கூப்பிட்டாள், வந்த விருந்தாளியைக் கூப்பிடுவது போல. பக்கத்தில் படுக்கக் கூப்பிட்டபோது, "எனக்கு அக்காகிட்ட படுத்துப் பழகிருச்சு" என்றாள். அம்மா என்னைப் பார்த்துப் பெருமையாகச் சிரித்தாள். தங்கச்சியை நன்றாகப் பார்த்துக்கொண்டேனாம்.

வாந்தி மட்டும் அவளை விடவில்லை. ஆனால் அன்றைக்குப் பிறகு எவர் கொடுத்தாலும் குளுசையைத் தொடமாட்டாள். எவ்வளவு தூரமானாலும் கண்ணை விரித்துக்கொண்டு, பையைக் கையில் பிடித்துக்கொண்டு, ஒரு நிமிடம் கண்ணயராமல் வாந்தி எடுத்துக்கொண்டே போவாள். கொத்மலையில் கல்யாணம் பண்ணிக்கொடுத்தபோது, மாப்பிள்ளை வீட்டுக் காரில், கூறைச் சேலையோடு, மாலையை ஒரு கையால் ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு பையில் எடுத்தாள். ஒரு குளுசை போட்டிருக்கலாமே என்று மாமியார் முகத்தைத் தூக்கிக்கொண்டார். பிடிவாதக்காரி என்று நானும் சொன்னேன்.

போன வருடம் பவானியே குவைத்துக்குப் போனாள். அம்மாவுக்கு இருந்த காரணம்தான் அவளுக்கும் இருந்தது. கூரைக்குப் பதிலாகச் சுவர், அவ்வளவுதான். அவள் மகள் கவிஷாவுக்கு ஐந்து வயது. பிள்ளை அட்டனில் என்னிடம் இருப்பதாக ஏற்பாடு. இப்போது லயமே கிளம்புகிற வழக்கம் இல்லை. சேகர் அண்ணன் சீனி வியாதியில் ஒரு காலை இழந்து வீட்டோடு இருக்கிறார், அந்த வேன் எந்தப் பழைய இரும்புக் கடைக்குப் போனதோ தெரியாது. பக்கத்து வீட்டுத் தம்பியின் சின்னக் காரில் டிரைவரோடு சேர்த்து நாலே பேர்தான் போனோம். அம்மாவுக்கு முழங்கால் முடியவில்லை. வீட்டிலேயே விபூதி பூசி அனுப்பிவிட்டாள். சக்கரத்துக்கு எலுமிச்சங்காய் வைக்க யாருக்கும் ஞாபகம் வரவில்லை.

கவிஷா தாயைக் கொண்டு பிறந்திருக்கிறது. அட்டன் தாண்டி முதல் வளைவிலேயே உதட்டில் வேர்த்துவிட்டது. கினிகத்தேனைக்கு வருவதற்குள் இரண்டு பை நிறைந்தது. முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று தாயும் மகளும் மாறி மாறி எடுத்தார்கள். அந்தத் தேத்தண்ணிக் கடை இருந்த இடத்தில் இப்போது கண்ணாடி வைத்த போன் கடை இருக்கிறது. காரை அங்கே நிறுத்தினோம். பிள்ளை துவண்டுபோய் என் மடியில் கிடந்தது. நான் கைப்பையைத் திறந்து குளுசை அட்டையை எடுத்தேன். என் வேலையே அது, யோசிக்காமலே கை போய்விட்டது.

"குடுக்க வேணாம்க்கா" என்றாள் பவானி.

"பாதிதான்டி. பாமசியில நிக்கிறேன், எனக்குத் தெரியாதா?"

அவள் வாயைக் கழுவிவிட்டுத் தண்ணீர்ப் போத்தலை மூடினாள். "பாதின்னுதான் அம்மா ஒங்ககிட்டயும் சொன்னாங்க" என்றாள். குரலில் கோபமே இல்லை, மணி எத்தனை என்று சொல்வது போலச் சொன்னாள். "பிளேன்டி கசந்துச்சுக்கா. அவ்வளவு சீனி போட்டும் கசந்துச்சு."

இருபது வருடத்துக்கு மேல் இவள் இதைத் தெரிந்துகொண்டே என் பக்கத்தில் படுத்திருந்தாள், என் கையால் சாப்பிட்டிருந்தாள், தன் பிள்ளையை என்னிடம் விட்டுப் போகவும் வந்திருந்தாள். எத்தனையோ கேட்டிருக்கலாம், கேட்கத் தோன்றியது ஒன்றுதான்.

"தெரிஞ்சும் ஏன்டி குடிச்ச?"

"நீங்க குடுத்தீங்க" என்றாள்.

கார் கிளம்பியது. கித்துல்கலை தாண்டியபோது ஒருமுறை பின்னால் திரும்பி, "அவ முழிச்சிருக்கட்டும். வாந்தி எடுத்தாலும் பரவாயில்ல. நான் போறத அவ பாக்கணும்" என்றாள். அட்டையைக் கைப்பையின் அடியில் போட்டு மூடினேன்.

கவிஷா பார்த்தது. கட்டுநாயக்கவில் பிள்ளை தாயின் கழுத்தைப் பிடித்த பிடியை ஒவ்வொரு விரலாக நான்தான் பிரித்தேன். பவானி பெட்டியைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். ஆறு வயதில் தனக்குக் கிடைக்காமல் போனதைத் தன் மகளுக்குக் கொடுத்துவிட்டுப் போகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். உள்ளே போனவள் திரும்பிப் பார்க்கவில்லை. அந்தப் பழைய முறை ஒன்றை மட்டும் அவள் மறக்காமல் வைத்திருந்தாள், அல்லது பார்த்தால் போகமாட்டோம் என்று அவளுக்கும் தெரிந்திருந்தது. பிள்ளை அலறி, மூச்சு முட்டி, என் கையிலிருந்த பைக்குள் குனிந்து வெறும் தண்ணீராக எடுத்தது. நிமிர்ந்தபோது அங்கே யாரும் இல்லை.

அதற்குப் பிறகு இரண்டு கிழமையாகக் கவிஷா வீடியோ கோலுக்கு வரவில்லை. கூப்பிட்டால் கட்டிலுக்கு அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும். ஏன் என்று ஒருநாள் கேட்டேன். "அம்மா என்னைய திரும்பியே பாக்கல. நான் பாத்துக்கிட்டே இருந்தேன்" என்றது.

பன்னிரண்டு வயதில் பீலிக்கரையில் நின்று உண்மையைச் சொன்னவள் நான். அதனால் என்ன ஆனது என்று தெரியும். இந்த முறை பொய் சொன்னேன். "திரும்பிப் பாத்தாங்க கண்ணு. நீ வாந்தி எடுக்கக் குனிஞ்சல்ல, அப்பதான் பாத்தாங்க. ஒனக்குக் கை காட்டினாங்க" என்றேன். பிள்ளை கட்டிலுக்கு அடியிலிருந்து வெளியே வந்தது. அன்றைக்கு கோலுக்கும் வந்தது. பவானி குவைத்தில் யாருடைய சமையலறையிலோ நின்றுகொண்டு அழுதாள், எனக்கு நன்றி சொன்னாள்.

மறுநாள் காலை நான் பாமசிக்குக் கிளம்பும்போது கவிஷா வாசல்வரை கூடவே வந்தது. என் கைப்பையைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னது:

"பெரியம்மா, அடுத்த தடவ அம்மா போறப்போ எனக்கு அந்தக் குளுசை தாங்க. நான் வாந்தி எடுக்காம அம்மாவப் பாக்கணும்."